அம்மாவால் அடுப்பு பற்றவைக்க முடியாத வீடு: 14 மாதம் புழங்கிய பிறகு

சென்னையை அடுத்த நாவலூரில், ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் 14 மாதமாக வாடகைக்கு இருக்கிறோம். 12-வது மாடி, அதுதான் கடைசி மாடி. எல்லாச் சாமான்களையும் பொருத்தியே தரும் வீடு. இண்டக்‌ஷன் அடுப்பு, கையை அசைத்தால் ஓடும் சிம்னி, முன்பக்கம் கதவு வைத்த வாஷிங் மெஷின், வைஃபை கீசர், ரிமோட் ஃபேன், கைரேகைப் பூட்டு, ஏசி, ஃப்ரிட்ஜ் என்று உரிமையாளர் கையெழுத்து வாங்கிய பட்டியலே ஒன்றரைப் பக்கம். இந்த மாதிரி வீடு பார்க்கிறவர்களும், சொந்த வீட்டுக்கு இதே சாமான்களை வாங்க நினைக்கிறவர்களும் "எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். கம்பெனிப் பெயர் எதுவும் எழுதப்போவதில்லை. எங்கள் மாடியிலேயே நாலு வீட்டில் நாலு கம்பெனிச் சாமான் இருக்கிறது, குறை மட்டும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்.

அடுப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இதை எழுத வேண்டும் என்று தோன்றியதே அதனால்தான்.

குடிவந்த மூன்றாவது மாதம் மன்னார்குடியிலிருந்து அம்மா வந்திருந்தார். 71 வயது. நாலரை மணிக்கு எழுந்து முதல் வேலையாகக் காபி போடுகிறவர், அதுவும் ஐம்பது வருடமாக. அன்று நானும் கணவரும் ராத்திரி இரண்டு மணி வரை ஆபீஸ் வேலை பார்த்துவிட்டுப் படுத்தோம். காலை எட்டு மணிக்கு எழுந்து வந்து பார்க்கிறேன், ஃபில்டரில் தூள் போட்டு அமுக்கி வைத்தது வைத்தபடி இருக்கிறது. அடுப்பு மேல் அலுமினியப் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர். பால் பாக்கெட் வெட்டாமல் கிடக்கிறது. அம்மா பால்கனியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஏம்மா, அடுப்ப நான் கெடுத்துட்டேன் போலருக்கு. கத்திக்கிட்டே இருந்துச்சு, அப்புறம் தானா அணைஞ்சு போச்சு. வீட்டுக்காரருக்கு நாம பணம் கட்டணுமா?"

மூன்றரை மணி நேரம் ஒரு வாய் காபி இல்லாமல், எங்களை எழுப்பவும் மனசு வராமல், வாடகை வீட்டுச் சாமானைக் கெடுத்துவிட்டோமே என்ற பயத்தோடு உட்கார்ந்திருந்திருக்கிறார். அடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. நடந்தது இரண்டு விஷயம். ராத்திரி நான் மேடையைத் துடைத்தபோது துணி பட்டு, குழந்தைகள் தொட்டால் ஓடாமலிருக்க வைத்த சைல்டு லாக் விழுந்திருக்கிறது. சாவிப் படம் போட்ட இடத்தில் விரலை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால்தான் அது விடும். அங்கே தொட்டு இங்கே தொட்டு அம்மா அதை எப்படியோ விடுவித்தும் இருக்கிறார், அது பெரிய விஷயம். ஆனால் அவர் வைத்தது அலுமினியப் பாத்திரம். இண்டக்‌ஷனில் கண்ணாடி சூடாவதில்லை, அடியிலிருக்கும் கம்பிச் சுருள் உண்டாக்கும் காந்தப் புலத்தில் பாத்திரத்தின் அடிப்பாகமே சூடாகிறது. அதற்கு அடியில் காந்தம் ஒட்டுகிற இரும்பு இருந்தாக வேண்டும். வெறும் அலுமினியம், பித்தளை, ஈயச்சொம்பு, மண்சட்டி, கல்சட்டி எதுவும் ஆகாது. தப்பான பாத்திரம் என்றால் அடுப்பு பீப் பீப் என்று கத்திவிட்டு ஒரு நிமிடத்துக்குள் அணைந்துவிடும். பாத்திரம் தப்பு என்று எங்கேயும் எழுதிக் காட்டாது. ஒரு ஆங்கில எழுத்தும் எண்ணும் மின்னும், அதற்கு அர்த்தம் தெரிய வேண்டுமானால் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்.

இந்த அடுப்பில் நல்லதும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தண்ணீர் கொதிப்பது கேஸை விட வேகம். சித்திரை மாதத்தில் சமையலறை வேகாது. பாத்திரமே சூடாவதால் சுற்றியுள்ள காற்றுக்குப் போய் வீணாகும் சூடு குறைவு. துடைப்பது ஒரு நிமிட வேலை. இவ்வளவும் உள்ளே இருக்கும் நுட்பத்தால் கிடைப்பது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கோபம் எல்லாம் மேலே இருக்கும் அந்தத் தொடு பலகை மேல்தான். அடுப்படியில் நிற்கிறவர்களின் கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், அரிசி களைந்த கை, புளி கரைத்த கை. ஈரக் கையில் தொட்டால் இது ஏற்பதில்லை, இல்லாவிட்டால் ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருப்பதை ஏற்கிறது. பால் பொங்கி பலகை மேல் வழிந்தால் கேட்கவே வேண்டாம். கத்த ஆரம்பிக்கும். அதை நிறுத்த வேண்டுமானால் அந்தக் கொதிக்கிற பாலைத் துடைத்துவிட்டு உலர்ந்த விரலால் தொட வேண்டும். பொங்கும்போது ஒரு திருகில் தணிப்பதற்கு வழி வைக்காத அடுப்பைச் செய்தவர்கள் ஒரு நாளாவது அதில் பால் காய்ச்சிப் பார்த்தார்களா என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரண்ட் போனால் எங்கள் குடியிருப்பு ஜெனரேட்டர் லைட், ஃபேன், ஒரு பிளக் பாயின்ட் இவற்றுக்கு மட்டும்தான். அடுப்பு ஓடாது. இரண்டு மாதம் பொறுத்துவிட்டு உரிமையாளரிடம் பேசி கேஸ் இணைப்பு வாங்கி இரண்டு பர்னர் அடுப்பை மேடையில் தனியாக வைத்துவிட்டோம். இண்டக்‌ஷன் இப்போது வெந்நீருக்கும் பாஸ்தாவுக்கும் மட்டும். ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன், அந்த இரண்டும் வேகத்துக்கு.

சிம்னி பற்றி இரண்டு வரி போதும். கையை இடமிருந்து வலமாக வீசினால் ஓடும், வலமிருந்து இடமாக வீசினால் நிற்கும். தாளிக்கும்போது கை எப்படியெல்லாம் போகும் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும். கடுகு வெடிக்கும் நேரத்தில் நின்றுவிடும், தோசை திருப்பும்போது தானாக வேகம் கூடும். நல்லவேளை, பட்டனும் இருக்கிறது, அந்தக் கையசைவு வசதியை நிறுத்தி வைத்துவிட்டோம். எண்ணெய் சேர்கிற தட்டை மாதம் ஒருமுறை எடுத்துக் கொட்டினால் மற்றபடி நல்ல சாமான். தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று விற்கிறார்கள். உள்ளே சூடேற்றி எண்ணெயை இளக்கித் தட்டில் இறக்குவது வரைதான் அதன் வேலை, தட்டு நம் வேலை.

வாஷிங் மெஷின் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், பணமும் நேரமும் அதில்தான் அதிகம் போனது.

உரிமையாளர் புது மெஷினைப் பொருத்திய அன்றே "தண்ணீர் வரவில்லை" என்ற எர்ரர். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது, மெஷின் இல்லை என்கிறது. வந்த டெக்னீஷியன் மேலே பார்த்தார், "கடைசி மாடிங்களா? அப்ப பிரஷர் பத்தாது" என்றார். கணக்கு எளிது. பத்து மீட்டர் உயரத் தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் ('பார்' என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). எங்கள் மெஷினின் புத்தகம் குறைந்தது அரை பார் கேட்கிறது, அதாவது ஐந்து மீட்டர் உயரம். மாடித் தொட்டி எங்கள் தலைக்கு மேலேயே இருக்கிறது, குழாய்க்கும் தொட்டித் தண்ணீருக்கும் மூன்று மீட்டர்கூடத் தேறாது. ஆறாவது மாடிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கடைசியில் உரிமையாளர் ஒரு பிரஷர் பம்ப் வைத்துக் கொடுத்தார். ஆக, துணி துவைக்க இரண்டு மெஷின். கடைசி மாடியிலோ தனி வீட்டிலோ இருந்து முன்பக்கக் கதவு மெஷின் வாங்கப் போகிறீர்கள் என்றால் விலை கேட்பதற்கு முன்னால் இந்த அழுத்தக் கணக்கைக் கேளுங்கள். கடைக்காரர் தானாகச் சொல்ல மாட்டார்.

அப்புறம் தண்ணீரின் குணம். எங்கள் குடியிருப்பில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும்தான். குடிநீர் வடிகட்டிக்காரர் வந்து மீட்டரை முக்கியபோது எங்கள் குழாய்த் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவு 1,150 காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது, வேறு நீர் இல்லாத பட்சத்தில் 2,000 வரை. இந்த உப்புத் தண்ணீரை மெஷின் உள்ளே சூடாக்கும்போது பக்கெட்டில் போடும் வெந்நீர்க் கம்பியில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு உள்ளே இருக்கும் ஹீட்டரிலும் படியும், துணியும் கரகரவென்று இருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படிவு நீக்கும் பவுடர் போட்டு, துணி இல்லாமல் வெந்நீரில் ஓட்டுகிறோம். ரப்பர் வளையத்தை ஒவ்வொரு முறையும் துடைத்து, கதவைத் திறந்தே வைக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை நாற்றம். இதையெல்லாம் மூன்று நான்கு மாதத்தில் நாங்களாகத்தான் கண்டுபிடித்தோம். டெமோ காட்ட வந்தவர் 12 நிமிடத்தில் ஆப்பை இறக்கிக் கொடுத்து, நல்ல ரேட்டிங் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பலகையில் 15 வகைத் துவைப்பு இருக்கிறது. நாங்கள் ஓட்டுவது மூன்று. பருத்தித் துணிக்கு 60 டிகிரி என்று வைத்தால் இரண்டரை மணி நேரம் தாண்டும். அது ஓடும்போது சாக்ஸ் ஒன்று வெளியே கிடப்பதைப் பார்த்தால் பெரும்பாலும் அடுத்த நாள்தான். ஒற்றைப் போர்வையை மட்டும் போட்டால் அது ஒரு பக்கமாகச் சுருண்டுகொள்ளும், பிழியத் தொடங்கும், எடை சரியில்லை என்று நிறுத்தும், மறுபடி சுற்றிப் பார்க்கும், திரையில் ஒரு நிமிடம் மீதி என்று காட்டுவது பத்து நிமிடம் அப்படியே நிற்கும். கூட இரண்டு துண்டைப் போட்டால் சரியாகிவிடும். இதையும் யாரும் சொல்லவில்லை.

போன ஐப்பசி மழையில் நடந்ததைச் சொல்கிறேன். மகளின் பள்ளிச் சீருடை உள்ளே, கண்ணாடிக் கதவில் பாதி வரை தண்ணீர், கரண்ட் போய்விட்டது. வந்தபோது ஒரு தூக்கு தூக்கி வந்தது, லைட் எல்லாம் பளிச்சென்று எரிந்து மங்கியது. மெஷினில் உயிர் இல்லை. தண்ணீர் உள்ளே இருக்கும்போது கதவு திறக்காது, அது பாதுகாப்புக்காகத்தான், சரி. ஆனால் மறுநாள் காலை ஏழரைக்குப் பள்ளிப் பேருந்து. சர்வீஸ் எண்ணில் கூப்பிட்டால் 48 மணி நேரத்தில் வருவோம் என்கிறார்கள். புத்தகத்தைத் தேடி எடுத்து, அதன் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்து, மெஷினின் அடிப்பக்கம் வலது மூலையில் இருக்கும் சின்ன மூடியை ஸ்பூனால் நெம்பித் திறந்தோம். உள்ளே விரல் தடிமனில் ஒரு ரப்பர்க் குழாய், தரையிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில். வாளி நுழையாது, மக்கும் நுழையாது. தாம்பாளத்தை வைத்துப் பிடித்துப் பிடித்து ஊற்றினோம், நான் பிடிக்க, மகள் டார்ச் அடிக்க, கணவர் பாத்ரூமுக்கு எடுத்துக்கொண்டு ஓட. 14 தாம்பாளம். கடைசியாக வடிகட்டியைத் திருகி எடுத்தபோது ஒரு ஹேர்பின், ஒரு ஐந்து ரூபாய் நாணயம், சட்டைப் பட்டன் மூன்று. வடிகட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிளாஸ்டிக் வாரை இழுத்ததும் கதவு டக்கென்று திறந்தது. பதினொன்றரை மணிக்குச் சீருடையைக் கையால் அலசி ஃபேனுக்குக் கீழே போட்டோம்.

நாலாம் நாள் வந்த சர்வீஸ்காரர் திறந்து பார்த்துவிட்டு "போர்டு போச்சு" என்றார். சர்க்யூட் போர்டு 4,800 ரூபாய், வேலைக்கூலி தனி. அவர் நல்ல மனிதர், உட்கார்ந்து பேசினார். முன்பெல்லாம் டைமரோ ஸ்விட்சோ போகும், கையிலேயே மாற்றிக் கொடுத்துவிடலாம், இப்போது எது போனாலும் மொத்தப் போர்டு என்றார். ஏசியின் வெளி யூனிட்டில் பல்லி புகுந்து போர்டு கருகியதை வாரம் ஒன்றாவது பார்ப்பாராம். பழுதுபார்க்கும் உரிமை என்று மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் ஒரு இணையதளமே தொடங்கியிருக்கிறது. உதிரிபாகமும் கையேடும் நம் ஊர் மெக்கானிக்கின் கைக்கு வந்தால்தான் அதற்குப் பலன். வீடு முழுக்கப் போர்டுகளாக இருக்கும் காலத்தில் ஸ்டெபிலைசரையும் மின்னழுத்தப் பாதுகாப்பையும் தள்ளிப்போடாதீர்கள். நாங்கள் 4,800 கொடுத்த பிறகுதான் போட்டோம்.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது மொழி. எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா தமிழ் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர், மகளிர் குழுக் கணக்கையே அவர்தான் எழுதுகிறார். அந்த மெஷின் முன்னால் நின்றதும் "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்று ஒதுங்கினார். தெரியாமல் இல்லை. பலகை முழுக்க ஆங்கிலம், அதுவும் சுருக்கெழுத்தில். தமிழ்நாட்டில் இத்தனை லட்சம் வீடுகளுக்கு விற்கிற சாமானில் 'துவை', 'அலசு', 'பிழி' என்று மூன்று வார்த்தை அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? நான் பார்த்த எந்த மெஷினிலும் இல்லை. கடைசியில் என் மகள்தான் வழி செய்தாள். நகப்பூச்சை எடுத்து, ஆன் பட்டனில் சிவப்பு, ஸ்டார்ட்டில் நீலம், திருகில் எங்களுக்கு வேண்டிய மூன்று இடங்களில் மூன்று புள்ளி. சின்னப் புள்ளி தினத் துணி, பெரிய புள்ளி பெட்ஷீட், இரட்டைப் புள்ளி கால் மணி நேரத் துவைப்பு. அன்றிலிருந்து அக்காதான் மெஷின் ஓட்டுகிறார், எர்ரர் வந்தால் என்னை விட முதலில் அவருக்குத்தான் காரணம் தெரிகிறது. மெஷினுக்கு ஐந்துக்கு மூன்று. துணி சுத்தமாக வருகிறது, தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கிறது, அதனால் மூன்று.

கீசர். இதை வாடகைக்கு வருகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். குடிவந்த முதல் இரண்டு மாதக் கரண்ட் பில் நாங்கள் நினைத்ததை விட நன்றாகவே கூடுதலாக வந்தது. ஏசி என்று நினைத்தோம். ஒருநாள் விடியற்காலை பாத்ரூமுக்குப் போனால் யாரும் போடாத கீசரில் சிவப்பு லைட் எரிகிறது. கவனித்துப் பார்த்ததில் தினமும் காலை ஐந்தரைக்கும் மாலை ஆறுக்கும் தானாக ஓடுகிறது. முந்தைய குடித்தனக்காரர் தன் ஃபோனில் போட்டு வைத்த நேரக் குறிப்பு அப்படியே இருந்திருக்கிறது, கீசர் அப்போதும் அவர் கணக்கில்தான் இருந்தது. வேறு ஊரில் இருக்கும் ஒருவர் நினைத்தால் எங்கள் பாத்ரூம் கீசரைப் போடலாம், அணைக்கலாம். அவர் நல்லவர்தான், கேட்டதும் உடனே தன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். ஆனாலும் அதை அறிந்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 15 லிட்டர் கீசர், 2,000 வாட், நம் ஊர்த் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக 17 நிமிடம் ஆகும், அரை யூனிட்டுக்கு மேல். ஒரு நாளைக்கு இருமுறை என்றால் பில் காலமான இரண்டு மாதத்தில் 60 யூனிட் தாண்டுகிறது. அரசு தந்த 100 இலவச யூனிட்டில் பாதிக்கு மேல் யாரும் குளிக்காத வெந்நீருக்கே போயிருக்கிறது. வீட்டு உரிமையாளரிடம் சாவி வாங்குவது போல, ஒவ்வொரு வைஃபை சாமானையும் பழைய கணக்கிலிருந்து விடுவித்துத் தரச் சொல்லி வாங்குங்கள்.

புதிதாக இணைப்பதும் லேசு இல்லை. இந்தச் சாமான்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபையில்தான் சேரும். இப்போது வரும் ரௌட்டர்கள் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும், ஃபோன் ஐந்தில் இருக்கும், கீசர் தேடிக்கொண்டே இருக்கும். ரௌட்டரில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தபின் ஒரே முயற்சியில் சேர்ந்தது. சேர்த்துவிட்டு என்ன செய்தோம்? சுவரில் இருக்கும் ஸ்விட்சைப் போட்டு அணைக்கிறோம். 17 நிமிடத்தில் சுடுகிற தண்ணீருக்கு அதுவே போதும்.

ஃபேனைப் பற்றி நல்லதாகச் சொல்லத்தான் ஆசை. பி.எல்.டி.சி. என்கிற, மின்சாரம் மிச்சப்படுத்தும் மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் சுமாரில் ஓடுகிறது, பழைய ஃபேன் 75 வாட். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் மிச்சம். வீட்டில் ஐந்து ஃபேன். இது உண்மையான லாபம், நான் பில்லிலேயே பார்த்தேன். ஆனால் ரெகுலேட்டர் இருந்த இடத்தில் வெறும் பிளேட்டை வைத்து மூடிவிட்டு எல்லாவற்றுக்கும் ரிமோட் கொடுத்துவிட்டார்கள். ஹாலிலும் சாப்பிடும் இடத்திலும் ஒரே மாடல், ஒரு ரிமோட்டை அமுக்கினால் இரண்டும் கேட்கிறது. ராத்திரி குளிருகிறது என்று அம்மா எழுந்து இருட்டில் ரிமோட் தேடி, கிடைக்காமல் ஃபேனையே அணைத்துவிட்டு, அப்புறம் புழுக்கத்தில் உட்கார்ந்திருந்ததை ஒருநாள் பார்த்தேன். ரெகுலேட்டர் திருகோடு வேலை செய்யும் பி.எல்.டி.சி. ஃபேன்கள் இப்போது கடையில் கிடைக்கின்றன. அம்மா படுக்கும் அறைக்கு எங்கள் காசில் ஒன்று வாங்கி மாட்டினேன், பழையதைப் பத்திரமாகப் பரணில் வைத்திருக்கிறேன். ரிமோட் ஃபேனுக்கு மூன்று, ரெகுலேட்டர் ஃபேனுக்கு ஐந்துக்கு ஐந்து.

கைரேகைப் பூட்டு எங்கள் மூவருக்கும் அருமை. கையில் பை, மளிகை, குழந்தை என்று வருகிறவர்களுக்கு விரல் வைத்ததும் திறப்பது பெரிய உதவி. அம்மாவின் விரலில் ரேகை விழவில்லை. வயல் வேலையும் பாத்திரம் தேய்த்ததுமாகத் தேய்ந்த விரல், ரேஷன் கடை மெஷினிலேயே இரண்டு மூன்று தடவை வைத்துப் பார்த்துத்தான் விழும். எண் போட்டுத் திறக்கலாம் என்றால் உள்ளங்கையால் தொட்டால்தான் எண்களே ஒளிரும், தொடாதவரை வெறும் கறுப்புக் கண்ணாடி. குப்பை வைக்க வெளியே போனவர் பின்னால் கதவு ஐந்து விநாடியில் தானாகப் பூட்டிக்கொண்டு, எதிர்வீட்டுக்காரர் எனக்கு ஃபோன் செய்யும் வரை நடைபாதையில் நின்றிருக்கிறார். தானாகப் பூட்டுவதை நிறுத்தி வைத்தோம். பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க ஒரு துளை இருக்கிறது, சாதாரண சாவித் துவாரமும் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. சாவி இல்லாத பூட்டை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

ஏசி பரவாயில்லை. ரிமோட்டில் பட்டன் அதிகம், ஆனால் போட்டதும் 24 டிகிரியில் தொடங்குகிறது. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகளுக்கு அப்படித்தான் விதி, நாங்களும் அதை மாற்றுவதே இல்லை. ஃப்ரிட்ஜ் கதவைச் சரியாக மூடாவிட்டால் கத்தும், அது நல்லதுக்குத்தான். கஷ்டம் என்னவென்றால் ஏழு சாமானும் ஏழு விதமாகக் கத்துகின்றன, ராத்திரி ஒரு பீப் கேட்டால் எழுந்து போய் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில் எங்கள் சமையலறையில் இரண்டு சாமான் ஒரு நாளும் தொல்லை கொடுக்கவில்லை. இரண்டும் நாங்கள் கொண்டுவந்தவை. ஒன்று கோயம்புத்தூர் டேபிள் டாப் கிரைண்டர், ஒரே ஸ்விட்ச், 2013-ல் வாங்கியது. பெல்ட் ஒருமுறை மாற்றியதோடு சரி. மற்றொன்று ரைஸ் குக்கர். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், நான் கேட்பது என்ன என்று அதை வைத்துத்தான் புரியவைக்க முடியும். ஒரு நெம்பு, அவ்வளவுதான். கீழே அமுக்கினால் சாதம் வேகும், வெந்ததும் டக்கென்று மேலே வரும். அதன் அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரை அரிசி குடித்து முடித்ததும் சூடு அதற்கு மேல் ஏறும், ஏறியதும் அந்தக் காந்தத்தின் பிடி விட்டுப்போகும்படி உலோகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நெம்பு விடுபடுகிறது, ஹீட்டர் அணைகிறது. சாதம் வெந்ததை அந்தச் சாமான் தானே அறிந்துகொள்கிறது, அதற்கு வைஃபையும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம், ஃபோன் நம்பரும் வேண்டாம். அம்மா வந்த முதல் நாளே யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதில் சாதம் வைத்தார்.

மன்னார்குடி வீட்டில் 2011-ல் ஜெயலலிதா அரசு தொடங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், ஃபேன் திட்டத்தில் வந்த ஃபேன் இன்னும் ஓடுகிறது. அந்தத் திட்டத்தால் முதன்முறை கிரைண்டர் பார்த்த வீடுகள் எங்கள் தெருவிலேயே பல. வயதானவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், யாருக்கும் டெமோ வேண்டியிருக்கவில்லை. அடுத்த நாளே மாவு அரைத்தார்கள்.

ஆகவே கடைக்குப் போகும்போது நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். வீட்டில் தினமும் புழங்கும் பாத்திரம் ஒன்றையும் ஒரு சின்ன காந்தத்தையும் எடுத்துப் போகிறேன். கையை நனைத்துக்கொண்டு பட்டனைத் தொட்டுப் பார்க்கிறேன், கடைப்பையன் ஒருமாதிரி பார்ப்பான், பார்க்கட்டும். வைஃபை இல்லாமல் முழுதாக ஓடுமா, போர்டு என்ன விலை, வாரண்டி முடிந்தபின் வெளியாள் பார்க்கலாமா என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் விலை பேசுகிறேன். முடிந்தால் வீட்டில் யாருக்கு இது கஷ்டமோ அவரையே கூட்டிப் போய், ஒன்றும் சொல்லாமல் முன்னால் நிறுத்துகிறேன். போன மாதம் மிக்சி வாங்கப் போனபோது வேலைக்கு வரும் அக்காவும் வந்தார். தொடு பலகை மிக்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த திருகு வைத்த மிக்சியின் மேல் கையை வைத்தார். அதைத்தான் வாங்கினோம், 1,900 ரூபாய் குறைவும் கூட.

தைப் பொங்கலுக்கு அம்மா மறுபடி வருகிறார். கேஸ் அடுப்பு இருக்கிறது, ரெகுலேட்டர் ஃபேன் இருக்கிறது, மெஷினில் நகப்பூச்சுப் புள்ளிகளும் இருக்கின்றன. கதவுச் சாவிக்கு மட்டும் இன்னொரு பிரதி வெட்டி, மஞ்சள் கயிறு கட்டி, அவர் சுருக்குப்பையில் போட்டுக் கொடுக்க வேண்டும்.